திருவிருந்துக்குப் போகாதவர்

ஞாயிறு மதியம், அவிநாசி டவுன் பஸ். முன்சீட்டில் பைபிளோடு உட்கார்ந்திருந்தவர் பக்கத்திலிருந்த கம்பெனி நண்பரிடம் சொன்னார்:

"சர்ச்சுல திருவிருந்துக்கு, அப்பம் வாங்க எல்லாரும் எந்திரிச்சுப் போவும்போது, நான் மட்டும் கண்ணாடியத் தேடுத மாதிரி குனிஞ்சுக்கிடுவேன்."

"ஏனுங்க?"

"கம்பெனில ரெண்டு ஷேடு துணிய தப்பா ஒரே கட்டுல கலந்தது நாந்தான். என் தம்பிதான்னு சாதிச்சு, வேலைய விட்டே அனுப்ப வச்சிட்டேன். அவங்கிட்ட ஒத்துக்கிடாம எப்பிடி அப்பத்தைத் தொட?"

"உங்க சாமிகிட்டச் சொல்லீட்டீங்கல்லங்க?"

"அவருட்ட சொல்லுதது லேசு. ஏம்னு திருப்பிக் கேக்க மாட்டாரு."

பைபிளை மடியில் வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"தம்பி, தப்பு எம்மேலதாம்ல."

போனைக் காதிலேயே வைத்திருந்தார். நண்பர் இறங்க எழுந்தார்.

"என்ன சொல்றாருங்க?"

"ஒண்ணும் சொல்லல. ஆனா வைக்கவும் இல்ல."