இரண்டு மேசைகளுக்கு நடுவே ஓர் உலக சாதனை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகர மன்றத் தலைவர் அவர்களே, முதுகு வலித்தாலும் முகம் சுளிக்காமல் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்த கையோடு அவசரமாய் வந்திருக்கும் தாய்மார்களே, கைப்பேசியிலிருந்து தலை நிமிராத தம்பி தங்கைகளே, வணக்கம்!

உலகிலேயே அதிவேகமாகத் தகவல் அனுப்பிய ஆய்வுக்கூடத்தின் தலைவி என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலைக் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய் நிற்கிறேன் ஐயா.

செய்தியாளர் ஒருவர் வந்தார். கண்ணாடி இழை என்றேன், எழுதவில்லை. ஒளி அலை என்றேன், எழுதவில்லை. "மேடம், ஒரு செகண்டுல எத்தனை சினிமா எறங்கும்? அத மட்டும் சொல்லுங்க" என்றார். மறுநாள் தலைப்புச் செய்தி: 'கண் சிமிட்டும் நேரத்தில் லட்சம் படங்கள்!'

எங்கே படம்? எதில் படம்? நாங்கள் அனுப்பியவை வெறும் சோதனைக் குறிகள். ஒரு மேசையில் கிளம்பி, சுருட்டி வைத்த இழைக்குள் சுற்றிச் சுற்றி, பக்கத்து மேசைக்கு வந்து சேர்ந்தன. உலகமே வியந்த அந்த வெள்ளத்தில் 'சாப்பிட்டியா' என்ற ஒரு சொல்கூட இல்லை!

என்ன தம்பி, கடைசி வரிசையில்? இந்த வேகம் வீட்டுக்கு எப்போது வரும் என்றா கேட்கிறீர்கள்? எனக்குத் தெரியாதப்பா. பேப்பர்காரர்களுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

சிரியுங்கள். என் தங்கையால் சிரிக்க முடியவில்லை. இந்த ஊர் மருத்துவமனையில் அவள் நர்ஸ். டாக்டர் அங்கே திரையில் மட்டும்தான் வருவார். போன வாரம் வலிப்பில் துடித்த ஒரு குழந்தைக்கு மருந்தின் அளவைச் சொல்ல அவர் வாயைத் திறந்தார். படம் அப்படியே நின்றுவிட்டது. "டாக்டர், கேக்குதா? டாக்டர்!" என்று கத்தியவள், சிக்னல் கிடைக்கும் மொட்டை மாடிக்கு ஓடி, போனில் கேட்டு வந்தாள். குழந்தை பிழைத்தது. அடுத்த குழந்தை?

அந்த மருத்துவமனைக்குப் புதிய கேபிள் போட மன்றம் முடிவெடுத்திருந்தது. என் செய்தி வந்தது, வேலை நின்றது. காரணம் கேட்ட தங்கையிடம் தலைவர் சொன்னாராம்: "அதான் உங்க அக்காவே புது வேகம் கண்டுபிடிச்சிட்டாங்களேம்மா. இப்பப் போடுற கேபிள் வீணாத்தானே போகும்? கொஞ்சம் பொறுங்க."

தங்கை என்னிடம் கேட்டாள்: "ஏன்க்கா இதக் கண்டுபிடிச்ச?"

என் உழைப்புக்குக் கிடைத்த பரிசு அந்தக் கேள்விதான். மனம் விட்டுப்போயிற்று.

தலைவர் அவர்களே! என் வேகம் உங்கள் தெருவுக்கு வருமா? வரலாம். என்றைக்கு? யாரறிவார்? அதுவரை காய்ச்சல் காத்திருக்குமா? வலிப்பு வழிவிடுமா? உயிர்தான் உட்கார்ந்திருக்குமா? அந்தக் கேபிளைப் போடுங்கள்! போட்டு முடித்துவிட்டு இந்தக் கேடயத்தைக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

இதோ, ஒலிவாங்கியை உங்களிடமே தருகிறேன். அந்தக் குழந்தையின் தாய் முன் வரிசையில்தான் இருக்கிறார். பதிலை அவரைப் பார்த்துச் சொல்லுங்கள்.

களைத்தவளின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம்.