எண்பத்தொன்றில் கட்டிய பழைய ஹோட்டல்

எனக்குக் கடற்காற்று ஒத்துக்கொள்ளாது, வக்கீல் சார். இரண்டாம் நாளே மூக்கு அடைத்துக்கொள்ளும். நாமக்கல்லில் பழைய லாரி வாங்கி விற்கிற மயில்சாமிக்குக் கடலோரத்தில் ஹோட்டல் எதற்கு என்று அஸ்தம்பட்டியில் ஆபீஸ் போட்டிருக்கிற நீங்கள் கேட்பது நியாயம்தான். மலிவாக வந்தது. மலிவாக வந்ததை வேண்டாமென்று சொல்லி எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

எங்கள் தொழிலில் பழைய லாரி வந்தால் சேஸிஸை மட்டும் வைத்துக்கொண்டு மேலே புது பாடி கட்டுவோம். பெயின்ட் அடித்து, நெற்றியில் சாமி பெயர் எழுதி நிறுத்துவோம். வாங்க வருகிறவன் பெயின்டைத்தான் தடவிப் பார்ப்பான். ஹோட்டலுக்கும் அதையேதான் செய்தேன். என்ன, லாரியைப் புதுசாக்குவோம், இதைப் பழசாக்கினேன். எண்பத்தொன்றில் கட்டிய கட்டடத்துக்கு நூற்றைம்பது வருஷத்து வரலாறு எழுதி, தேக்குச் சட்டம் போட்டு ரிசப்ஷனில் மாட்டினேன். வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவர் தங்கினார். ஜமீன்தார் ஒருவர் மூன்றாம் மனைவியோடு ஒளிந்திருந்தார். சுவரில் காரை பெயர்ந்த இடத்தைப் பூசாமல் விட்டேன். பெங்களூர்க்காரர்கள் அதைத் தொட்டுப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

அங்கே ஆண்டி என்று ஒரு வாட்ச்மேன். எடப்பாடிப் பக்கத்து ஆள். கட்டட வேலைக்குப் போனவர், அப்படியே அங்கேயே தங்கிவிட்டார். கலெக்டர் படுத்த அறை எது என்று யாராவது கேட்டால் போதும்.

"எந்தக் கலெக்டருங்க? இது எம்பத்தொண்ணுல கட்டுனதுங்க. இந்தச் செவுத்துக்கு நாந்தானுங்க செங்கல்லு சொமந்தேன்."

அன்றைக்கே மூன்று ரூம் காலி.

பேசிப் பார்த்தேன். "அண்ணா, ஒரு அறுவது வருசத்துக் கட்டடம்னாச்சும் சொல்லுங்க."

"அறுவது வருசத்துக்கு முந்தி எனக்கு ஏழு வயசுங்க. ஏழு வயசுல செங்கல்லு சொமப்பனுங்களா?"

"உங்க தாத்தா சொமந்தாருன்னு சொல்லுங்க. என்ன கொறஞ்சு போகுது?"

"எங்க தாத்தன் எடப்பாடியத் தாண்டுனதே இல்லீங்க மொதலாளி. செத்தவரு மேல பொய் சொல்லலாமுங்களா?"

பேரத்தில் ஒரு வருஷம்கூட ஏறி வராத மனுஷனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வேலையை விட்டு நிறுத்தியிருக்கலாம். வயதானவரைத் தெருவில் விட மனசு வரவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதனால் போர்டில் நாலு வரி சேர்த்தேன். 'இந்த வராந்தாவில் வெள்ளை வேட்டி கட்டிய முதியவர் ஒருவர் தென்படலாம். நூறு வருஷத்துக்கு முன்பு புயலில் உயிர்விட்ட காவல்காரர் ஆண்டி. தாம் இறந்தது தெரியாமல், கட்டடம் எண்பத்தொன்றில் கட்டியது என்று சொல்லித் திரிகிறார். பயப்பட வேண்டாம். பதில் பேச வேண்டாம்.'

அதன்பின் அவர் உண்மை பேசப் பேச ரூம் நிரம்பியது. "நான் உசுரோடதானுங்க இருக்கறன், தொட்டுப் பாருங்க" என்று கையை நீட்டுவார். கெஸ்ட் அலறிக்கொண்டு ஓடுவார்கள், அடுத்த மாதம் நண்பர்களோடு வருவார்கள். நாலு புது வேட்டி எடுத்துக் கொடுத்தேன். கெஸ்ட் இருக்கும்போது அவரிடம் யாரும் பேசக் கூடாது என்று வேலையாட்களிடம் சொல்லிவைத்தேன். கெஸ்ட் இல்லாத நேரமே இல்லாமல் போனதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஆறு மாதத்தில் அவர் பேச்சு குறைந்துவிட்டது. ஒருநாள் கவுண்டருக்கு வந்து மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, நாஞ் சொல்றது உங்களுக்காச்சும் கேக்குதுங்களா?"

பக்கத்தில் ஒரு குடும்பம் நின்றிருந்தது. நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன ஆடியில் ஒரு சாயங்காலம் அவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. வராந்தாவில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். பதினோரு பேர் வீடியோ எடுத்தார்கள். ரூம் சுத்தம் செய்கிற ரஞ்சனி சொம்போடு ஓடினாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"உடுங்க மொதலாளி, அந்த மனுசன் செத்துப்போயிருவாரு!"

"இரு ரஞ்சனி, கெஸ்ட்டெல்லாம் போவட்டும்."

நீங்களே சொல்லுங்கள், பதினோரு பேர் பார்க்க ஆவிக்குத் தண்ணீர் கொடுத்தால் ஹோட்டல் என்னாவது? அவர்கள் போக இருபது நிமிஷம் ஆனது. அவருக்கு அவ்வளவு தேவைப்படவில்லை.

எடப்பாடியிலிருந்து அவர் மகள் வெண்ணிலா வந்தாள். மாலை போட்டுக் கும்பிட அப்பாவின் படம் ஒன்று வேண்டுமென்று அழுதாள். தனியாக எடுத்த படம் எதுவும் இல்லை. பெற்ற மகள் கேட்கும்போது கைவிரிக்க முடியுமா? கெஸ்ட் அனுப்பிய வீடியோக்களில் இருப்பதிலேயே தெளிவானதைத் தேடி எடுத்து அனுப்பினேன். அதைத்தான் இப்போது போலீஸில் கொடுத்திருக்கிறாள்.

நீங்களும் பாருங்கள். அவர் தண்ணீர் கேட்பது நன்றாகவே கேட்கும். பின்னால் ரஞ்சனியின் கையைப் பிடித்தபடி நானும் நிற்கிறேன். என் முகத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள் சார், எவ்வளவு கவலையோடு நிற்கிறேன் என்று.