‘தானே’ என்றால் உயரும் விரல்

மேடையில் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கும் நிர்வாகி அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மறைந்த நம் அக்காவின் கணவரே, அவருடைய அருமை மகளே, அக்காவிடம் திட்டு வாங்கியே ஆளான இணையதளப் பணியாளர்களே, உங்கள் அனைவருக்கும் கனத்த மனதோடு என் வணக்கம்.

நான் மேடையேறும்போது நிர்வாகி என் காதில், "ரெண்டு வார்த்தைதானே, சுருக்கமாப் பேசிடுங்க" என்றார். சொல்லி முடித்ததும் அவர் கண் எங்கே போனது தெரியுமா? ஜன்னலோரம் காலியாக இருக்கும் அக்காவின் நாற்காலிக்குப் போனது! பழக்கதோஷம் யாரை விட்டது?

எங்கள் தலைமை நிரலாளர், எங்கள் அக்கா, அந்தத் ‘தானே’வைக் கேட்டால் போதும், ஆள்காட்டி விரலை உயர்த்திவிடுவார். பேசியவர் மாற்றிச் சொல்லும்வரை விரல் இறங்காது. பெரிய வாடிக்கையாளராக இருந்தாலும் அதே கதிதான்.

தையல்கடை மாடியில் ஒற்றை அறையில் தொடங்கிய நிறுவனம் இது. கீழே தையல் இயந்திரம், மேலே எங்கள் விசைப்பலகை. இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு சத்தமிடும். அடடா, என்ன நாட்கள் அவை! ஒருநாள் செருப்புக்கடை முதலாளி படியேறி வந்து குதித்தார்.

"என் கடை வெப்சைட்ல ஒரு பட்டன்தானே கேட்டேன்? இந்தப் புதுப் பொண்ணு காலையிலேருந்து தட்டிக்கிட்டே இருக்கு. இதுக்கெல்லாமா காசு?"

அக்காவின் விரல் உயர்ந்தது. "உங்க கடையிலயும் பட்டன் வெச்ச செருப்பு இருக்கே. பட்டன்தானேன்னு இனாமாக் குடுப்பீங்களா?"

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். பேசிய தொகையை முழுசாகக் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு அவள் பங்கு அன்றைக்கே போய்ச் சேர்ந்தது.

நிர்வாகி கோபிக்கக் கூடாது, அடுத்த கதை அவருடையது. "கத்துக்கத்தானே வந்திருக்காங்க, சம்பளம் எதுக்கு?" என்று புதிதாகச் சேர்ந்தவர்களைக் காட்டி ஒருமுறை கேட்டார். அக்கா குரலை உயர்த்தவில்லை, விரலைத்தான் உயர்த்தினார். "சார், அவங்க செஞ்ச பக்கத்தை நேத்து கஸ்டமருக்குக் காட்டினீங்களே. கத்துக்கறப்போ செஞ்சது, காசு வேண்டாம்னு சொன்னீங்களா?" என்று கேட்டார். பதிலாகச் சம்பளமே வந்தது!

சம்பளத்தோடு விட்டாரா? யாரையும் காலம் முழுக்கப் பட்டனுக்கே வாழ்க்கைப்பட விடமாட்டார். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கக் கைவந்ததும், அதைப் பின்னாலிருந்து இயக்கும் சர்வர் கணினி வேலை பார்க்கும் என்னிடம் தள்ளிவிடுவார்.

"உங்க ஆளுங்களை ஏன்க்கா என் தலையில கட்டுறீங்க?"

"முகப்பு மட்டும் தெரிஞ்சா வாசல்லயே நின்னுடுவாங்கய்யா. உள்ள வரட்டும்."

அப்படி உள்ளே வந்தவர்கள்தான் இன்று இந்த அறையில் பாதிப்பேர். அன்று பட்டனோடு மல்லுக்கட்டிய அந்தப் பெண் இன்று ஒரு குழுவுக்கே தலைவி. இதோ, கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

அக்கா கடைசியாகப் படுத்திருந்த மருத்துவமனையில் ஒரு புதுச் செவிலியர், "சின்ன ஊசிதானேம்மா" என்றாராம். கண்ணைத் திறக்கவே சிரமப்பட்ட அக்கா விரலைத் தூக்கியிருக்கிறார். பிறகு மெல்ல, "ஊசி போடறது சின்ன வேலையா? உனக்கு ஒழுங்கா சம்பளம் தராங்களா?" என்று கேட்டிருக்கிறார். மகள் சொன்னபோது சிரித்தேன். சிரித்து முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட மனுஷி!

நண்பர்களே! புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் அரையாண்டு பயிற்சி மட்டும், சம்பளம் கிடையாது என்றொரு யோசனை நிர்வாகியின் மேசையில் கிடக்கிறது. அக்கா இருந்தவரை அது மேசையை விட்டு நகரவில்லை. இனி? நாளைக் காலை முடிவு என்கிறார்கள். நிர்வாகி அவர்களே, முடிவெடுக்கும் அந்த அறைக்கு நாங்கள் எல்லோரும் வருவோம். சம்பளமில்லாதவர் உழைப்பில் எழும் எந்தத் தளத்திலும் மூத்தவர்களான நாங்கள் கைவைக்க மாட்டோம். இது அக்காவின் நாற்காலிக்கு முன்னால் நாங்கள் தரும் வாக்கு.

சற்றுமுன் இந்த வாசலில் ஒரு பெண் தயங்கி நின்றாள். போன வாரம்தான் சேர்ந்தவள்; அக்காவைப் பார்த்ததே இல்லை. "சார், நான் புதுசுதானே, உள்ள வரலாமா?" என்றாள்.

நான் எதுவும் யோசிக்கவில்லை. என் ஆள்காட்டி விரல் மேலே இருந்தது.

அக்கா, நிம்மதியாகத் தூங்குங்கள். இனி எங்கள் விரல் தானே உயரும்.