தோளில் ஒரு புடைப்பு

அக்கா: மெஷினைக் கொஞ்சம் நிறுத்தேன்டி. பாப்பா முழிச்சுக்கப் போறா.

தங்கை: முழிச்சா தூக்கிட்டுப் போ. இது தையல் கடை, தொட்டில் இல்ல.

அக்கா: அம்மாடி... எவ்வளவு கோவம்! பாரு, முழிச்சுட்டா. இந்தா, பிடி. சித்தியைத் தேடுறா.

தங்கை: வேணாம். என் கை பட்டா உடைஞ்சிடும்.

அக்கா: அப்படியெல்லாம் சொல்லாத...

தங்கை: நானா சொன்னேன்? மாமா சொன்னார். தோள்ல புடைப்பைப் பார்த்ததும், "சட்டை மாட்டுறேன்னு இவதான் கைய முறுக்கிட்டா"ன்னு. அத்தனை பேர் முன்னாடி! ஒரு வாரமா ஒரு சட்டைகூட ஒழுங்கா தைக்க முடியல.

அக்கா: அதுக்குத்தான்டி வந்தேன். இன்னைக்கு டாக்டர்கிட்ட காட்டினோம். உன் மேல தப்பே இல்லையாம்.

தங்கை: ஓஹோ...

அக்கா: பொறக்கும்போதே எலும்பு உடைஞ்சிருக்கு. இவதான் குண்டுப் பொண்ணாச்சே... தோள் மாட்டிக்கிச்சு. அந்தப் புடைப்பு, எலும்பு கூடுற அடையாளமாம். தானா கரைஞ்சிடுமாம்.

தங்கை: கைய ஆட்டுறாளா?

அக்கா: நல்லா ஆட்டுறா. காலையில என் மூக்கைப் பிறாண்டி வெச்சிருக்கா, பாரு.

தங்கை: உனக்கு வேணும்.

அக்கா: உங்க மாமா வெளியதான் நிக்கிறார். மூஞ்சியை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல அவருக்கு.

தங்கை: நிக்கட்டும், வெயில் உறைக்கட்டும்... ஆமா, இது இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா?

அக்கா: ஆமா... இன்னைக்குத்தான்.

தங்கை: என்னைப் பார்த்துச் சொல்லு.

அக்கா: இரு, பாப்பாவுக்குத் துணி விலகியிருக்கு, சரி பண்ணிடறேன்.

தங்கை: அக்கா.

அக்கா: மெதுவா பேசு, அவர் காதுல விழும்... ஆஸ்பத்திரியிலயே நர்ஸ் சொன்னாங்கடி. வீட்டுல சொல்ல வாய் வரல. "ஒழுங்கா பெத்துக்கக்கூடத் துப்பில்ல"ன்னு என் மாமியார் சொல்லிடுவாங்களோன்னு...

தங்கை: அதனால என்னை...

அக்கா: அவர் கத்தினப்பவாவது சொல்லியிருக்கணும். கல்லு மாதிரி நின்னுட்டேன். நெனச்சா எனக்கே என் மேல அருவருப்பா இருக்கு.

தங்கை: அழாத. பாப்பா மேல சொட்டுது.

அக்கா: உனக்குத் தெரிஞ்சா, அப்புறம் நீ என் மூஞ்சியிலயே முழிக்கமாட்டியேன்னு பயந்து செத்தேன்.

தங்கை: தெரியும்க்கா. நீ அசந்து தூங்கினப்ப, அந்த நர்ஸ் என்கிட்டதான் முதல்ல சொன்னாங்க. மாமா திட்டத் திட்ட, இப்ப சொல்லுவ, இப்ப சொல்லுவன்னு உன் வாயையே பார்த்துக்கிட்டு நின்னேன்.