மருந்து கொடுக்காத எலிகள்

மருந்து கொடுத்த எலிகள் பிழைத்தது எனக்குப் புரிந்தது, இன்ஸ்பெக்டர். மருந்து கொடுக்காதவையும் பிழைத்ததுதான் புரியவில்லை.

எல்லா எலிகளுக்கும் ஒரே வைரஸ் உண்டாக்கிய புற்றுக்கட்டியின் செல்களைத்தான் ஊசியில் ஏற்றியிருந்தேன். பாதிக்கு என் மருந்து, மீதிக்கு வெறும் உப்புநீர். உப்புநீர் எலிகளின் கட்டிகளும் சுண்டைக்காய் அளவு வளர்ந்து கரைந்தன. காரணம் தெரியாததால் அந்த எலிகளின் கழுத்தை முறித்தேன். தலைக்குப் பின்னால் இரு விரலால் அழுத்தி, வாலைச் சுண்டி இழுத்தால் போதும். கட்டியால் இறந்தன என்று அறிக்கையில் சேர்த்தேன்.

இவான் அடுத்த அறையில் வைரஸ் ஆய்வு செய்தவன். எனக்குத் தம்பி மாதிரி. ஒரு சனிக்கிழமை மதியம் எலி அறைக்கு வந்தான்.

"பத்மஜாக்கா, உங்க எலிங்க முன்னாடி என் ரூம்லதானே இருந்துச்சு? உங்க கட்டியை உண்டாக்கின அதே வைரஸ்தான் என்னோடதும், அது அப்பவே அதுங்களுக்கு ஒட்டியிருக்கு."

"கைக்குடா, எதுக்குடா இந்த ஆராய்ச்சி? போய் பிரியாணி சாப்பிடு."

"நக்கோ அக்கா, வேணாம். அதுல சிலதுக்கு நோயை எதிர்க்கிற டி செல்லை அழிச்சிட்டு உங்க மருந்தைக் கொடுத்தேன். கட்டி வளந்து எல்லாம் செத்துப்போச்சு. உங்க மருந்து வெறும் கலர் சோடா."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"திங்கக்கெழமை சொல்லிடுவேன். அன்னிக்குத்தானே இதை மனுஷங்களுக்குக் கொடுக்க அனுமதி கேக்கப் போறீங்க?"

டி செல் அழகான ஏற்பாடு. ஒவ்வொரு செல்லும் தனக்குள் உருவாகும் புரதங்களின் துணுக்குகளை வெளிச்சுவரில் ஏந்திக் காட்டும். கட்டி உடம்பின் சொந்தச் செல்தான். ஆனால் வைரஸ் புகுந்ததால் வைரஸின் துணுக்கும் அங்கே தெரியும். ஏற்கெனவே அந்தத் துணுக்கைச் சந்தித்த டி செல் ஒட்டிக்கொண்டு, சுவரைத் துளைத்து, சாகடிக்கும் நொதியை உள்ளே செலுத்திவிட்டு அடுத்ததற்குப் போகும். கோபம் கிடையாது.

எனக்கும் கோபம் இல்லை. இவான் நம்மவன்தான், அந்நியமான ஒன்றைக் காட்டிவிட்டான்.

மனிதக் கழுத்துக்கு இரு விரல் போதாது. கேஸ் சிலிண்டர் திறக்கும் ஸ்பானர் பக்கத்தில் இருந்தது. முதல் அடியில் கன்ன எலும்பு உடைந்தது. "அக்கா" என்றான். மண்டை உள்ளே இறங்கும்வரை அடித்தேன். எலிகள் கூண்டு மூலைகளில் ஒண்டிக்கொண்டன.

செத்த எலிகளை எரிக்க அனுப்பும்வரை வைக்கும் ஃப்ரீசரில், மஞ்சள் பைகளுக்கு அடியில் அவனை வைத்தேன். திங்கட்கிழமை அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். அவன் அம்மா லாலாகுடாவிலிருந்து தினமும் வந்து வாசலில் நின்றார். நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் சரிபார்க்காமல் விட என்னால் முடியவில்லை. நீங்கள் அவனைத் தேடிய நாட்களில், என்னிடம் மிஞ்சியிருந்த எலிகளின் டி செல்களை எடுத்து, அந்த வைரஸையே காணாத, கட்டி முற்றிய எலிகளுக்கு ஏற்றினேன். எல்லாம் ஒரே மரபில் வளர்த்தவை, உடம்பு ஏற்றுக்கொண்டது. கட்டிகள் கரைந்தன.

விடை இதுதான்: வைரஸை ஒருமுறை வென்ற எலியின் டி செல்கள், அந்த வைரஸ் உண்டாக்கிய கட்டியையும் அடையாளம் கண்டு அழிக்கும். மருந்து வேண்டியதில்லை. இவான் சொன்னது சரி. அதை நிரூபித்தவள் நான்.