விழுவதற்கு ஒரு வகுப்பு

உடைந்த எலும்புகளை ஒட்டவைத்து, ஒடிந்த மனங்களையும் நிமிர்த்திவைக்கும் எங்கள் விழாத் தலைவர், எலும்பு மருத்துவர் ஐயா அவர்களே! வயதில் என் மகளுக்குச் சமமாகவும் அதட்டலில் என் பள்ளித் தலைமையாசிரியருக்குச் சமமாகவும் விளங்கும் எங்கள் மாஸ்டர் அவர்களே! முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் முன்வரிசை வரை நடந்து வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு 'தொம்' சத்தத்துக்கும் ஒருமுறை நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் தாய்மார்களே! பெரியவர்களுக்கான முதல் ஜூடோ வகுப்பில் இன்று சேர வந்து, வெள்ளை உடையை மறைக்கச் சால்வை போர்த்தி உட்கார்ந்திருக்கும் கூச்சக்காரத் தோழர்களே! என் சக மாணவச் செல்வங்களே, ஆறு வயது அண்ணன்மார்களே, ஏழு வயது அக்காமார்களே! அனைவருக்கும் என் பணிவான, பாசமான, கொஞ்சம் பயமும் கலந்த வணக்கம்.

இரண்டாம் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் என் துணைவியாருக்குத் தனியாக ஒரு வணக்கம். சிரிக்காதீர்கள் ஐயா, நான் வீட்டுக்குப் போக வேண்டியவன்.

நான் பேருந்து நிலைய அறிவிப்பாளர். இருபத்தெட்டு ஆண்டுகளாக மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் என் பேச்சை யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை. நான் வாயைத் திறந்தால் எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இன்றைக்குத்தான் முதல் முறையாக இத்தனை பேர் ஓடாமல் இருக்கிறீர்கள். பத்து நிமிடம் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். கூடக்குறைய ஆனால் பொறுத்தருள்க.

ஐம்பத்தாறு வயதில் நான் ஜூடோ கற்கப் போகிறேன் என்றதும் ஊர் என்ன சொன்னது தெரியுமா? என்னோடு வேலை பார்க்கும் நேரக்காப்பாளர், யாரை அடிக்கப் போகிறாய் என்று கேட்டார். முடிதிருத்துபவர், கத்தரியை நிறுத்திவிட்டு, எதிராளி யார் என்று ரகசியமாகக் கேட்டார். யாரை அடிப்பேன் நான்? எதற்காக அடிப்பேன்? என்னைப் பார்த்தால் அடிக்கிற ஆள் மாதிரியா இருக்கிறது? ஆமாம் என்று ஒரு குரல் வருகிறதே, நன்றி தம்பி. நான் போனது அடிக்க அல்ல, ஐயா. விழப் போனேன்!

காரணத்தைச் சொல்கிறேன். என் துணைவியாரை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தபாலம்மா என்றால் இன்னும் சுலபமாகத் தெரியும். இருபத்திரண்டு வருடம் தோளில் பையோடு தெருத் தெருவாக நடந்தவர். மழை என்று நின்றதில்லை, வெயில் என்று ஒதுங்கியதில்லை, மூன்றாவது மாடி என்று முகம் சுளித்ததில்லை. உங்கள் வீட்டுப் படிகள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அப்படி நடந்த கால்களில் ஒன்றுக்குத்தான் வந்தது வினை. நரம்பில் ஒரு கோளாறு. ஆளைக் கொல்லாது, அடியோடு தீரவும் தீராது. நினைத்த நேரத்தில் இடது கால் வேலைநிறுத்தம் செய்யும், அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை. சமையலறை வாசலில், கையில் காபித் தம்ளரோடு, என் கண் முன்னால் விழுந்தார். இடது மணிக்கட்டு ஒடிந்தது. அந்த விழுதலில் ஒரு விவரம் இருக்கிறது. அதை நான் வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை. இந்த மேடையில் சொல்லத்தான் வந்திருக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

கட்டுப் போட்டார் தலைவர் ஐயா. எலும்பு கூடியது. ஆனால் தபாலம்மா எழவில்லை. சன்னல் ஓரம் ஒரு நாற்காலி, அதிலேயே உட்கார்ந்துவிட்டார். கழிவறைக்குப் போகவும் என் கை வேண்டும், கதவு திறக்கவும் என் கை வேண்டும். நானும் சும்மா இருந்தேனா? சுவரெல்லாம் கைப்பிடி அடித்தேன், தரைவிரிப்பை எல்லாம் சுருட்டிக் கட்டினேன், அவர் எழுந்தால் ஓடினேன், இருமினாலும் ஓடினேன். பயத்தில் அவர் மெலிந்தார், பாதுகாப்பில் நான் மெலிந்தேன். அப்போது தலைவர் ஐயா என்னைத் தனியே அழைத்து ஒன்று சொன்னார்.

"விழாம இருக்க எங்கிட்ட மருந்து இல்லைங்க. விழத்தான் விழுவாங்க. ஆனா நடக்கலைன்னா ஒரு வருஷத்துல அந்தக் கால் போயிடும்."

அன்று மாலை இந்தக் கூடத்தின் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே பதினைந்து குழந்தைகள். என்ன செய்தார்கள் தெரியுமா? விழுந்தார்கள்! முன்னால் விழுந்தார்கள், பின்னால் விழுந்தார்கள், பக்கவாட்டில் விழுந்தார்கள், விழுந்துவிட்டுச் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். ஒரு வருடமாக விழுதல் என்ற சொல்லையே வாயில் எடுக்காத வீட்டிலிருந்து வந்தவன் நான். கால் மணி நேரம் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே போய், எனக்கு விழ மட்டும் சொல்லித் தர முடியுமா என்று மாஸ்டரிடம் கேட்டேன். மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இங்கே முதல் மூன்று மாதம் அது மட்டும்தான் பாடம், நாளைக்கு நகம் வெட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

பெரியவர்களுக்கு அப்போது வகுப்பு கிடையாது. என்னைச் சிறுவர் வரிசையில் கடைசியில் நிறுத்தினார்கள். எனக்கு ஜோடியாக வாய்த்தவர், முன்பல் இரண்டும் இல்லாத ஓர் ஆறு வயதுப் பெருமாட்டி. அதோ, மூன்றாம் வரிசையில் கையை ஆட்டுகிறார் பாருங்கள். இடுப்புப் பட்டையை எனக்கு முடிச்சுப் போடச் சொல்லித் தந்தவர் அவர்தான். நான் போட்ட முடிச்சைப் பார்த்துவிட்டு, அங்கிள், இது பார்சல் கட்டுற முடிச்சு என்றார். பாடம் என்னவோ சின்னதுதான். விழும்போது தாடையை நெஞ்சோடு சேர், கண்ணால் உன் முடிச்சைப் பார், தலை தப்பும். கையைத் தரையில் ஊன்றாதே, முழுக் கையையும் விரித்துத் தரையை ஓங்கி அறை, எலும்பு தப்பும். முதலில் உட்கார்ந்து விழு, பிறகு குந்தி விழு, அப்புறம் நின்று விழு. இவ்வளவுதானே என்று நினைத்தேன். அம்மாடி! இந்தக் கை இருக்கிறதே, ஐம்பத்தாறு வருடப் பழக்கம், என்னைக் கேட்காமலே தரையைத் தேடி ஓடியது.

வீட்டில் சொல்லவில்லை. கூடுதல் வேலை என்று பொய் சொன்னேன். ஆனால் துவைக்கப் போட்ட வெள்ளை உடையும் தோளில் இருந்த கன்றலும் பொய் சொல்லுமா? தபாலம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே விசாரணை நடத்தினார். வேறு வழியில்லாமல் வீட்டுக் கூடத்தில் மெத்தையைப் போட்டு விழுந்து காட்டினேன். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு, எனக்கும் சொல்லிக் கொடுங்க என்றார். சொல்லிக் கொடுத்தேன், ஆனால் விழவிடவில்லை. அவர் சாயும்போதெல்லாம் பாதியில் தாங்கிப் பிடித்தேன். நான்கு நாளில் அவருக்கு வெறுத்துப்போய், மறுபடியும் நாற்காலிக்கே போய்விட்டார்.

அதே வாரம் வகுப்பில் ஜோடிப் பயிற்சி. என் பெருமாட்டியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, காலை மெதுவாகத் தட்டி விழவைக்க வேண்டும். தட்டினேன். அவர் சாய்ந்தார், அழகாகத்தான் சாய்ந்தார். என்னால்தான் விட முடியவில்லை. பாய்ந்து மறு கையைப் பற்றி இழுத்தேன். குழந்தை திருகிக்கொண்டு முழங்கையில் விழுந்து ஓவென்று அழுதது. மாஸ்டர் ஓடிவந்து முழங்கையை நீவிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று குழந்தையைத் தேற்றினார். அதட்டுவார் என்று நின்றேன். அதட்டவில்லை.

"சார், சட்டைக் கையை மட்டும் பிடிச்சுக்கிட்டுத் தரை வரைக்கும் கூடவே போங்க. நடுவுல நிறுத்தாதீங்க. நடுவுல நிறுத்தினாத்தான் கை ஒடியும்."

நடுவில் நிறுத்தினால்தான் கை ஒடியும்! பெரியோர்களே, அந்த விவரம் இதுதான். அன்று சமையலறை வாசலில் தபாலம்மாவின் வலது கையைப் பற்றி இழுத்தவன் நான். இழுத்த இழுப்பில் உடம்பு திருகி, மொத்தப் பாரமும் இடது மணிக்கட்டில் இறங்கியது. அந்த எலும்பை ஒடித்தது தரையல்ல, இந்தக் கை. மனசுக்குள் எங்கேயோ அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அதனால்தான் கைப்பிடி அடித்தேன், அதனால்தான் இருமினாலும் ஓடினேன். அன்றைக்கு வெளியே வந்து அந்த பெஞ்சில் தாய்மார்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். ஒரு தாய் எதுவும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவர் இங்கே இருந்தால் நன்றி, அம்மா.

வீட்டுக்குப் போய் நாற்காலி முன்னால் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அதற்கு அவர் சொன்னது இது.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். சொன்னா அப்புறம் என்னைத் தொடவே பயப்படுவீங்கன்னுதான் சொல்லலை."

இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்வாள், சொல்லுங்கள். ஒடிந்த கையோடு உட்கார்ந்து, ஒடித்தவனின் மனசு ஒடியாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இவளைப் பெற நான் என்ன செய்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் ஆரம்பித்தோம். சட்டைக் கையை மட்டும் பிடித்தேன். அவர் விழுந்தார், நான் தரை வரைக்கும் கூடப் போனேன். உட்கார்ந்து விழ இரண்டு மாதம், குந்தி விழ இரண்டு மாதம், நின்று விழ மூன்று மாதம். நாற்காலியிலிருந்து வாசல், வாசலிலிருந்து தெருமுனை. அதற்குப் பிறகு நிஜமாகவே மூன்று முறை விழுந்திருக்கிறார். ஓர் எலும்புகூட விரிசல் விடவில்லை. தலைவர் ஐயா தலையாட்டுகிறார், பார்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் இந்த வகுப்புக்கான விண்ணப்பத்தைத் தபாலம்மாவே எழுதினார். எனக்கு ஒரு கட்டளையும் இட்டார். இன்று நாற்காலியிலிருந்து மெத்தை வரை தனியாக நடப்பாராம். சட்டைக் கையைக்கூட யாரும் பிடிக்கக் கூடாதாம். நீங்க கீழ இருந்தா ஓடி வருவீங்க, அதனால மேடையிலேயே இருங்க என்றார். நான் ஏன் பேசிக்கொண்டே இருக்கிறேன் என்று இப்போது புரிகிறதா?

அன்பர்களே, சால்வைக்குள் தயங்கும் தோழர்களே! வயதாகிவிட்டது என்கிறீர்களா? விழுவதற்கு வயது உண்டா? விழுந்தால் சிரிப்பார்கள் என்கிறீர்களா? இங்கே சிரிப்பவர்களுக்கு முன்பல்லே கிடையாது! வாருங்கள், விழுங்கள், எழுங்கள். மறுபடி விழுங்கள், மறுபடி எழுங்கள்! நம்மை நேசிப்பவர்கள் நம் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். நடுவில் நிறுத்த...

இருங்கள். அவர் எழுந்துவிட்டார்.

யாரும் எழ வேண்டாம். அம்மா, அந்த நாற்காலியை மட்டும் நகர்த்துங்கள், போதும். கையை நீட்டாதீர்கள் தம்பி, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். நடக்கிறார். நன்றாகத்தான் நடக்கிறார். மாஸ்டர் மெத்தையின் அந்தப் பக்கம் நிற்கிறார், அவரும் அசையவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டார். வலது கால் மெத்தையில். இடது கால்...

ஐயோ.

உட்காருங்கள்! எல்லோரும் உட்காருங்கள்! தலைவர் ஐயா, நீங்களும்தான். கேட்டீர்களா அந்தச் சத்தத்தை? அது கை முழுக்க விரித்துத் தரையை அறைந்த சத்தம். தலை தரையைத் தொடவே இல்லை. நான் பார்த்தேன், மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். முட்டி போடுகிறார். கையை ஊன்றுகிறார். எழுந்துவிட்டார், ஐயா, எழுந்துவிட்டார்! இங்கே பார்த்து என்னவோ சொல்கிறார். கைதட்டலைக் கொஞ்சம் நிறுத்துங்கள், எனக்குக் கேட்கவில்லை.

"பேச்சை முடிச்சிட்டு இறங்கி வாங்க" என்கிறார். "வகுப்புக்கு நேரமாச்சு" என்கிறார்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், பதறி எழுந்து என் சொல் கேட்டு உட்கார்ந்தவர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடும் தலைவர் ஐயாவுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம். என்னைக் கூப்பிடுகிறார்கள், நான் போகிறேன்.