இரண்டடி உயர ஆளுக்கு ஒரு ஹீற்றர்

ஜெயமலர்: தட்டிப் பாத்தது காணும், விடுங்கோ. என்ன, தேங்காயே வாங்க வந்தனீங்கள்?

இரத்தினவேல்: சத்தத்தைக் கேளுமப்பா. இது டங் எண்டுது... இது டொக் எண்டுது. டொக் எண்டால் தகரம். மேலை பூச்சு மட்டும்தான்.

ஜெயமலர்: எனக்கு ரெண்டும் ஒரே சத்தம்தான். ஆக்கள் பாக்கினம். கடையிலை நிக்கிற ஹீற்றர் எல்லாத்துக்கும் குட்டு வைச்சிட்டியள்.

இரத்தினவேல்: பாக்கட்டும். நானூற்றி எண்பது டொலர் குடுக்கப்போறவன் குட்டினால் என்ன, கடிச்சால் என்ன? உந்தக் கம்பத்தை ஒருக்கால் பிடியும்... ஆடுதோ?

ஜெயமலர்: நீங்கள் ஆட்டினால் ஆடும்தானே.

இரத்தினவேல்: காத்து ஆட்டாதோ? எங்கட பின்வளவிலை ஒரு மரம் கிடக்கே, மறைப்புக் கிடக்கே? நேரா வந்து பின்பக்கப் பலகை டெக்கிலை ஏறும் காத்து.

ஜெயமலர்: அதைத்தானே நானும் சொல்லுறன். நவம்பர் மாசத்திலை ஆராவது டெக்கிலை...

இரத்தினவேல்: திரும்பத் துவங்காதையும்.

ஜெயமலர்: நான் எங்கை துவங்கினனான்? குளிர்தான் துவங்கீட்டுது. ஞாயிற்றுக்கிழமை சைபருக்குக் கீழை போகுமாம், ரேடியோவிலை சொன்னவன்.

இரத்தினவேல்: அதுக்குத்தானே ஹீற்றர்.

ஜெயமலர்: வீட்டுக்கை சூடு போட மனமில்லாத மனிசன். தெர்மோஸ்ராற்றைப் பதினாறுக்கு மேலை தொட விடாது. இப்ப வளவைச் சூடாக்க வந்து நிக்குது.

இரத்தினவேல்: பதினெட்டு.

ஜெயமலர்: பதினாறு! நான் ரெண்டு சுவெற்றர் போட்டுக்கொண்டெல்லே சோறு வடிக்கிறன். போதாக்குறைக்கு வீட்டைச் சூடாக்கிற அந்த ஃபேர்னஸுக்கும் விசர். ஒருநாள் எழும்பினால் ஐஸ்பெட்டிக்கை கிடந்து எழும்பின மாதிரிக் கிடக்கு. ஒருநாள் எழும்பினால் வேர்க்குது. ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ, காட்டுங்கோ எண்டு எத்தினை நாளாச் சொல்லுறன்?

இரத்தினவேல்: அது பழசு, அப்பிடித்தான்... உங்கை, அந்தக் கறுப்பைப் பாரும். விலை பாதி.

ஜெயமலர்: பாதி விலையெண்டால் பாதிச் சூடுதான் வரும். எடுக்கிறதை எடுத்துக்கொண்டு வாங்கோ. காரை விட்ட இடமும் சரியில்லை, டிக்கெற் எழுதப்போறான்.

இரத்தினவேல்: அவசரப்பட்டு எடுக்கிற சாமானே இது? ஒரு திருகாணி கழண்டு நெருப்பும் தொப்பியுமாத் தலைக்கு மேலை வந்து விழுந்தால்? அதுக்குக் கீழை ஆர் இருக்கப்போறது எண்டு தெரியும்தானே உமக்கு?

ஜெயமலர்: தெரியும்... ஐயோ, இஞ்சாருங்கோ! உதிலை சிவப்புச் சட்டையோடை வாறது குலசிங்கம் எல்லே?

இரத்தினவேல்: எந்தக் குலசிங்கம்?

ஜெயமலர்: உங்களோடை பழைய பக்ரறியிலை வேலைக்கு நிண்டவர். மகன்ரை பேர்த்டேயை ஹோல் எடுத்துச் செய்தவர். நீங்கள் எழும்பி மைக்கைப் பிடிச்சு...

இரத்தினவேல்: விளங்குது, விளங்குது. வாரும், அங்காலை போவம்.

ஜெயமலர்: கண்டிட்டார்.

இரத்தினவேல்: அப்ப ஒண்டும் வாய் திறக்கப்படாது. நிரூபா எண்ட பேரே வரக்கூடாது. உவன்ரை காதிலை விழுந்தால் நாங்கள் வீட்டை போய்ச் சேர முந்தி வெக்ஸ்போர்ட் முழுக்கத் தெரிஞ்சிடும்.

குலசிங்கம்: அண்ணை! அக்கா! எத்தினை காலம் கண்டு! நான் சனி, ஞாயிறு இங்கைதான் வேலை. என்ன அண்ணை, நவம்பரிலை பாபிகியூவோ?

இரத்தினவேல்: இல்லைத் தம்பி. இது... ரெண்டாயிரத்துக்கு.

குலசிங்கம்: ரெண்டாயிரமோ? நானூற்றி எண்பதுதான் போட்டுக் கிடக்கு.

இரத்தினவேல்: வருசத்தைச் சொன்னனான். ரெண்டாயிரமாம் ஆண்டு பிறக்கக் கம்பியூட்டர் எல்லாம் குழம்பிக் கரண்டும் நிண்டிடும் எண்டெல்லே சொல்லீனம்.

குலசிங்கம்: ஐயோ அண்ணை, வீட்டுக்கை வைச்சிடாதையுங்கோ! உது புறொப்பேன் காஸ். கதவைப் பூட்டிப்போட்டு வைச்சியள் எண்டால், நான் அடுத்ததா உங்கட செத்தவீட்டுக்குத்தான் வரவேணும். கராஜுக்கையும் கூடாது. வெளியிலை வைக்கிற சாமான் இது.

ஜெயமலர்: வெளியிலைதான் வைக்கப்போறம்.

குலசிங்கம்: கரண்ட் நிண்டால் வெளியிலை போய் இருக்கப்போறியளோ?

ஜெயமலர்: ...ஓம்.

இரத்தினவேல்: காத்தோட்டமா.

குலசிங்கம்: ஜனவரியிலையோ? இந்த ஜனவரியிலை வந்த பனியை மறந்திட்டியளோ? ஆமி வந்தெல்லே அள்ளினவன்.

இரத்தினவேல்: ஆமிக்குப் பயந்து ஓடி வந்த எங்களுக்கு ஆமி வந்து பனி அள்ளித் தந்ததை மறப்பமே? நீ இதைச் சொல்லு. எது நல்லது?

குலசிங்கம்: தட்டிப் பாக்கிறதிலை ஒண்டுமில்லை அண்ணை. அடியைத் தூக்கிப் பாருங்கோ. அடி பாரமா இருக்க வேணும். இந்தக் கறுப்புக்கு அடி பிளாஸ்ரிக், மண் நிரப்பாட்டில் ஒரு காத்துக்குச் சரிஞ்சிடும். பிறகு மேலை இந்த வலை. இது மெல்லிசெண்டால் ஒரு வருசத்திலை ஓட்டை விழும். சரிஞ்சால் நெருப்புத் தானா நிக்கிற சுவிச் கிடக்கோ எண்டும் பாக்க வேணும். உந்த நானூற்றி எண்பதிலை எல்லாம் கிடக்கு.

இரத்தினவேல்: அந்தச் சுவிச் வேலை செய்யுமோ?

குலசிங்கம்: செய்யும்.

இரத்தினவேல்: சரிச்சுக் காட்டு.

குலசிங்கம்: நெருப்பில்லாமல் எப்பிடிக் காட்டுறது?

இரத்தினவேல்: காட்டாமல் எப்பிடி வாங்குறது?

குலசிங்கம்: அக்கா, அண்ணை மாறவே இல்லை... சரி, எத்தினை பேர் இருக்கப்போறியள்?

இரத்தினவேல்: நாலு.

ஜெயமலர்: அஞ்சு.

இரத்தினவேல்: நாலரை எண்டு வையன்.

குலசிங்கம்: நிண்டு கதைக்கவோ, இருந்து கதைக்கவோ? இதின்ரை சூடு மேலையிருந்து குடை விரிச்ச மாதிரித்தான் வரும். தலைக்குத்தான் முதல். கீழை போகப் போகக் குறையும். அதுதான் கேக்கிறன், ஆக்கள் என்ன உயரம்?

இரத்தினவேல்: நாங்கள் உந்த உயரம்தான். ஒராள் மட்டும்... ரெண்டடி.

குலசிங்கம்: ரெண்டடியோ?

ஜெயமலர்: ரெண்டே கால் வரும்.

குலசிங்கம்: நிண்டபடியோ?

இரத்தினவேல்: கூடுதலாப் படுத்தபடிதான்.

குலசிங்கம்: ஓ... நாய் வாங்கிட்டியளோ!

ஜெயமலர்: ஓம், ஓம்... நாய்தான். சின்ன நாய்.

இரத்தினவேல்: நாய் எண்டாதையும்!

ஜெயமலர்: அவர்தானே சொன்னவர்...

இரத்தினவேல்: அவன் சொன்னால்? நீர் ஓம் எண்டுறதே? நாயாம்! வாயைக் கழுவும்.

குலசிங்கம்: குறை நினைக்காதையுங்கோ அண்ணை... பூனையோ?

இரத்தினவேல்: தம்பி, நீ ஒருக்கால் உள்ளுக்கை போய்ப் பாரன். அடி இன்னும் பாரமானது கிடக்கோ எண்டு.

குலசிங்கம்: பாத்துக்கொண்டு வாறன். இதிலையே நில்லுங்கோ.

ஜெயமலர்: போட்டார். இனி மெல்லப் பேசுங்கோ.

இரத்தினவேல்: எங்கட பிள்ளை பெத்த பிள்ளையை நாய் எண்டு சொல்ல உமக்கு எப்பிடி மனம் வந்தது?

ஜெயமலர்: அப்ப பேத்தி எண்டு சொல்லியிருக்கலாமே. அட்சயா எண்டு பேர், அஞ்சு மாசம், இன்னும் நான் முகம் பாக்கேல்லை எண்டு நீங்களே சொல்லியிருக்கலாமே.

இரத்தினவேல்: மெல்ல!

ஜெயமலர்: அடுத்த கிழமை வன்கூவருக்கு பிளேன் ஏறுதுகள். மருமோன் ஹரிஷுக்கு அங்கை வேலை. பிறகு எப்ப காணப்போறியள்? பிள்ளை நடக்கேக்கையோ, பள்ளிக்கூடம் போகேக்கையோ?

இரத்தினவேல்: அதுக்குத்தானே ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னது.

ஜெயமலர்: வீட்டுக்கு வரச்சொல்லேல்லையே! பக்கத்தாலை சுத்திப் பின்வளவுக்கெல்லே வரச்சொன்னனீங்கள். தண்ணி மீற்றர் பாக்க வாறவன் மாதிரி.

இரத்தினவேல்: அவள் என்ரை வீட்டுப்படி மிதிக்கக்கூடாதெண்டுதான் நான் சொன்னது. வளவு வீடில்லை. டெக் வீடில்லை. அவள் படி ஏறத் தேவையில்லை. நான் இறங்கிப் போவன்.

ஜெயமலர்: இதைக் கோயில் ஐயரிட்டைச் சொன்னால் அவரே சிரிப்பார்.

இரத்தினவேல்: எங்களுக்குச் சொல்லாமல் போய்க் கலியாணக் கையெழுத்து வைச்சிட்டு வந்தவள். எனக்கு அண்டைக்கு நெஞ்சு வெடிச்சது மலர். ஹோல் முழுக்கச் சனம். நான் மைக்கைப் பிடிச்சு, உயிருள்ளவரைக்கும் அவள் என்ரை படி மிதிக்கக்கூடாது எண்டு சொல்லிப்போட்டன். இப்ப கதவைத் திறந்தால் சனம் என்ன சொல்லும்? உந்தக் குலசிங்கம் என்ன சொல்லுவான்?

ஜெயமலர்: பிள்ளைக்குச் சளி பிடிச்சால் சனமே வந்து பாக்கும்?

இரத்தினவேல்: அதைத்தான் நானும் நினைச்சு நினைச்சு நித்திரை இல்லாமல் திரியிறன்... தலைக்குத்தான் முதல் சூடு எண்டானெல்லே? அப்ப மடியிலை வைச்சிருந்தால் காணாது. எழும்பி நிண்டு, தோளோடை தூக்கிப் பிடிச்சால்?

ஜெயமலர்: பின்னேரம் முழுக்கத் தூக்கிக்கொண்டு நிப்பியளோ? உங்கட முழங்காலோடை?

இரத்தினவேல்: நிப்பன்.

ஜெயமலர்: நிண்ட மாதிரித்தான்.

இரத்தினவேல்: நிப்பன் மலர். ஆனால் முகத்திலை சூடு கூடப் பட்டிடுமோ தெரியேல்லை... காஸ் மணக்குமோ? வாரும், யூனியன்விலிலை ஒரு கடை கிடக்காம். அங்கை ஒருக்கால்...

ஜெயமலர்: இது மூண்டாவது கடை!

குலசிங்கம்: அண்ணை, உள்ளுக்கை இதை விடப் பாரமானது இல்லை. கடைசிப் பெட்டி ஒண்டு மேல்தட்டிலை கிடக்கு, இறக்கித் தாறன். ஆனால் ஒண்டு சொல்லட்டோ? வித்தால் எனக்கும் நல்லதுதான், எண்டாலும் மனம் கேக்குதில்லை. ரெண்டடியிலை படுத்துக் கிடக்கிற ஆளுக்கு, இந்தக் காத்திலை, எந்த ஹீற்றரும் காணாது. ஆயிரம் குடுத்தாலும் காணாது... அக்கா, எத்தினை மாசம்?

ஜெயமலர்: அஞ்சு.

இரத்தினவேல்: மலர்!

குலசிங்கம்: நாய்க்கு ஆரண்ணை உப்பிடி முழுசுறது? நிரூபான்ரை பிள்ளையோ? நல்ல சந்தோசம். பெடிச்சியோ, பெடியனோ?

ஜெயமலர்: பெடிச்சி.

இரத்தினவேல்: குலம்... நீ மறைக்கத் தேவையில்லை. உன்ரை மகன்ரை பேர்த்டேயிலை நான் மைக்கைப் பிடிச்சுச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும்.

குலசிங்கம்: ஓம் அண்ணை, வடிவா இருக்கு.

இரத்தினவேல்: பாத்தீரோ மலர்? நான் சொன்னனானெல்லே?

குலசிங்கம்: கொத்துரொட்டிக்கு உப்புக் காணாதெண்டு சொன்னனீங்கள்.

இரத்தினவேல்: அதில்லை. அதுக்குப் பிறகு.

குலசிங்கம்: பிறகு... கேக் வெட்டேக்கை மகன் வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுத்தவன். என்ன, வேறை ஏதும் சொன்னனீங்களோ?

இரத்தினவேல்: ...பிறகு பக்ரறியிலை ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லையோ?

குலசிங்கம்: கதைச்சவை, கதைச்சவை. உப்பைப் பற்றித்தான். மனிசிக்கு உங்களிலை இப்பவும் கோவம்.

இரத்தினவேல்: உப்பு...

ஜெயமலர்: இஞ்சாருங்கோ... அப்ப நானும் ஒண்டைச் சொல்லிப்போடுறன். கத்தப்படாது.

இரத்தினவேல்: இனி என்ன கிடக்கு?

ஜெயமலர்: அவள் எங்கட படி மிதிச்சுக் கனநாள். புதன்கிழமையளிலை. நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு. பிள்ளை பெத்துத் துடக்குக் கழிஞ்ச கையோடை வரத் துவங்கினவள். பிள்ளை நித்திரை கொள்ளுறதும் உங்கட கட்டிலிலைதான், உங்கட தலகணியோடை. வேறை எங்கை போட்டாலும் கிடவாள், கத்துவாள்... என்ன, ஹீற்றரையே பாத்துக்கொண்டு நிக்கிறியள்? கோவமோ? பேசுறதெண்டால் பேசுங்கோவன், குலசிங்கம்தானே நிக்கிறார்.

இரத்தினவேல்: குலம், பெட்டியை இறக்காதை ராசா. எனக்கு ஹீற்றர் தேவையில்லை.

ஜெயமலர்: ஐயோ! அப்ப ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாமெண்டுறியளோ? நான்தான் மறைச்சனான், அவளிலை பிழையில்லை...

இரத்தினவேல்: மலர், எங்கட ஃபேர்னஸுக்கு ஒரு விசருமில்லை.

ஜெயமலர்: இப்ப ஃபேர்னஸ் கதையோ?

இரத்தினவேல்: எந்த நாளிலை உமக்கு வேர்த்தது? யோசிச்சுப் பாரும்.

ஜெயமலர்: அது... புதன்... எல்லாம் புதன்கிழமை...

இரத்தினவேல்: முதல் கிழமையே தலகணியிலை பால் மணத்தது. குளிர் துவங்கின நாளிலையிருந்து, புதன்கிழமை விடிய வேலைக்கு வெளிக்கிடேக்கை நான்தான் இருவத்தி மூண்டுக்குக் கூட்டி வைச்சிட்டுப் போறனான்... ஞாயிற்றுக்கிழமையும் கூட்டி வைக்கிறன், முன்கதவாலை வரச்சொல்லும்.